ஸெய்லானிகஸ்: ஒரு சொல்லின் மூன்று ஈறுகள்



கண்டாவளைப் பக்கத்துப் பற்றைகளிலே கொடிவேலியைக் கண்டிருப்பீர்கள். வெள்ளைப் பூ, அதன் புல்லிவட்டத்தைத் தொட்டால் விரலில் ஒட்டும். சித்திரமூலம் என்று வைத்தியர்கள் சொல்வதும் இதனைத்தான். இதன் இலத்தீன் பெயர் புளும்பாகோ ஸெய்லானிகா. பின்சொல்லின் பொருள் 'இலங்கைக்குரிய' என்பது. மாணவனாக இருந்த நாளில் இதனை 'ஸெய்லானிகஸ்' என்றெழுதிப் புள்ளி இழந்தேன். பிழை என்றார்களேயொழிய, ஏன் பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை. மந்திரம்போல மனனம் செய்த காலம் அது!

நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம்: தமிழில் 'நல்ல' மாறுவதில்லை. இலத்தீனிலோ பெயரடை, தான் தழுவும் பெயரின் பாலை ஏற்கும். ஆண்பாலுக்கு ஸெய்லானிகஸ், பெண்பாலுக்கு ஸெய்லானிகா, நடுப்பாலுக்கு ஸெய்லானிகம். நம்முடைய நல்லன், நல்லள், நல்லது போல என்று கொள்ளலாம். ஆனால் நமக்குச் செடி என்றும் அஃறிணை. உரோமருக்கோ செடியும் பெண்ணாகலாம், பெட்டகமும் ஆணாகலாம்.

மூன்று ஈறுகளையும் மூன்று பழைய நூல்களின் தலைப்பிலே காணலாம். ஒல்லாந்தக் கம்பனி வைத்தியராக 1670களில் இலங்கையில் இருந்த போல் ஹேர்மன் சேர்த்த செடிகளின் பட்டியல், அவர் இறந்தபின் 1717இல் 'மூஸேயும் ஸெய்லானிகம்' என வெளிவந்தது. 1737இல் பர்மன் எழுதியது 'தெஸவ்ருஸ் ஸெய்லானிகஸ்'. ஹேர்மனின் உலர்செடிகளை ஆராய்ந்து லின்னேயஸ் 1747இல் வெளியிட்டது 'ஃபுளோரா ஸெய்லானிகா'.

குக்குறுவான் பறவையின் கதை இன்னும் சுவையானது. மெகலைமா என்ற பேரினத்தில் இருந்தபோது அது ஸெய்லானிகா. ஆய்வாளர் அதனை ஸிலோபோகன் என்ற பேரினத்துக்கு மாற்றியதும் ஸெய்லானிகஸ் ஆகிவிட்டது. பறவை அறியாமலே பால் மாறிற்று.

உச்சரிப்பைப் பற்றியும் கேட்பீர்கள். ஈற்றயல் அசையான 'நி' குறில்; ஆகவே அழுத்தம் அதற்கு முந்திய 'லா'வில் விழும். முதலெழுத்தை ஆங்கிலேயர் ஒருவிதமாகவும் இத்தாலியர் வேறுவிதமாகவும் ஒலிப்பர். பெயரிடும் சர்வதேச விதிகள் எழுத்தைக் கட்டுப்படுத்துகின்றன, ஒலியை அல்ல. ஆதலால் நம் நாவில் 'ஸெய்' என்று வந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. ஈற்றைத் தவறவிட்டால்தான் பிழை.

1972இல் நாட்டின் பெயர் சிலோனிலிருந்து ஸ்ரீலங்கா ஆயிற்று. செடிகளின் பெயர் மாறவில்லை. கறுவாவோ அச்சொல்லை இழந்தது. சின்னமோமம் ஸெய்லானிகம் என்பதற்கு முன்னரே, 1825இல், சின்னமோமம் வேரம், அதாவது 'மெய்யான கறுவா', என்ற பெயர் வெளிவந்திருந்ததால் அதுவே நிலைத்தது. வேரம் என்பதும் நடுப்பால் பெயரடைதான்.