யார் கொடுத்த ஆயிரம்?

(தாம்பரம் பயிலரங்கில் ஆற்றிய உரை)



"ஆயிரம் ரூபாய் எம்மாத்திரம்?" என்று ஏளனம் செய்வோர் இருக்கின்றனர். மாலைச் சிற்றுண்டிக்கு அந்த ஆயிரத்தைச் செலவிட்டுவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணிப் பாராமல் எழுந்து செல்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு விடையளிப்பது எளிது. அதைப் பிறகு பார்ப்போம். இன்று நான் பேச வந்தது அவர்களிடம் அல்ல, உங்களிடம். தெருமுனையில் நின்று, "நாம் கொடுத்தோம்! நாம் கொடுத்தோம்!" என்று மார்தட்டுகிறீர்களே, அந்த உங்களிடம்!

தாம்பரத்திலிருந்து முடிச்சூரைத் தாண்டி மேற்கே செல்லுங்கள். மணிமங்கலம் வரும். ஏழாம் நூற்றாண்டில் சாளுக்கியன் புலிகேசியைப் பல்லவன் நரசிம்மவர்மன் புறமுதுகிடச் செய்த களங்களுள் ஒன்று அந்த மணிமங்கலம். கூரம் செப்பேடு அந்த வெற்றியைப் பொறித்து வைத்திருக்கிறது. செப்பேட்டிலே வேந்தன் இருக்கிறான். அவன் படைக்குச் சோறு வடித்தவள் இல்லை. வடித்த சோற்றுக்குக் கணக்கெழுதும் வழக்கம் இந்த நாட்டில் எந்த வேந்தனுக்கும் இருந்ததில்லை!

அந்த வட்டாரத்திலே ஒரு குடும்பம். பெயர் சொல்லப்போவதில்லை. நாடகத்துக்குப் பாத்திரம் படைப்பதுபோல், பல வீடுகளில் கண்டவற்றை ஒரு வீடாகக் கட்டிக் காட்டுகிறேன். காணி நிலமில்லை. அவன் கொத்தனாருக்குக் கையாள். அவள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். வயலெல்லாம் மனைக்கல் முளைத்த பிறகு, தாம்பரத்து வீடுகளில் பாத்திரம் துலக்கப் போகிறவள். மகள் எட்டாம் வகுப்பு. மகன் ஐந்தாம் வகுப்பு. மூலையிலே கண்புரை மூடிய மாமியார்.

ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் ஊருக்கு மழை. அந்த வீட்டுக்குப் பட்டினி. கட்டட வேலை நின்றுவிடும். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் விழுங்கியதே, அப்போதுதான் ஏடுகள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தன. ஏடுகள் பார்க்காத ஆண்டுகளிலும் மழை பெய்கிறது, தோழர்களே. அந்த ஆண்டுகளிலும் வேலை நிற்கிறது.

வேலை நின்ற மூன்றாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். கையிலே காசில்லை. தண்டல்காரர் வருகிறார். பத்தாயிரம் என்று எழுதிக்கொள்கிறார். எட்டாயிரத்து ஐந்நூறைக் கையிலே தருகிறார். நாளொன்றுக்கு நூறு ரூபாய், நூறு நாள். கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள்: ஆண்டு வட்டியாக மாற்றினால் நூற்றுக்கு நூறையும் தாண்டி ஓடும்! ஒரு நாள் தவறினால் வாசலிலே வண்டிச் சத்தம். அடுத்த வீட்டார் எட்டிப் பார்க்கும்படியாக நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தைக்கு அஞ்சி, இந்தத் தண்டலை அடைக்க இன்னொரு தண்டல். கந்துவட்டியை ஒழிக்க 2003ஆம் ஆண்டில் சட்டம் வந்தது உண்மைதான். சட்டம் கோட்டையிலே இருக்கிறது. தண்டல்காரர் வாசலிலே இருக்கிறார்.

இந்த வீட்டுக்குத்தான் அந்த ஆயிரம் வந்தது. 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். அண்ணா பிறந்த காஞ்சியிலே முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு, மாதம் ஆயிரம் ரூபாய், அவரவர் வங்கிக் கணக்கிலே. 2025 டிசம்பரில் மேலும் ஏறத்தாழ 17 லட்சம் பேர் சேர்க்கப்பட்டனர்.

ஆயிரம் ரூபாயால் வறுமை பறந்துவிட்டதா? இல்லை. நாளொன்றுக்கு முப்பத்து மூன்று ரூபாய். 2025ல் சென்னையிலே சமையல் எரிவாயு உருளையின் விலை 868 ரூபாய் 50 காசு. ஒன்று வாங்கினால் ஆயிரத்தில் மிஞ்சுவது 131 ரூபாய் 50 காசு. புற்றுநோய் வந்தால் இந்த ஆயிரம் போதாது. மகளைக் கட்டிக்கொடுக்க வாங்கிய கடன் இதனால் அடையாது. மேடை கிடைத்ததே என்று இதனை மலையாக்கிக் காட்ட நான் விரும்பவில்லை.

ஆனால் மளிகைக் கடைக்காரர் அறிவார் ஒரு செய்தி. பதினைந்தாம் தேதி அவள் கணக்குக்குப் பணம் வரும் என்பதை அறிவார். தேதி தெரிந்த பணத்துக்கு மதிப்பு அதிகம். கணவனின் கூலி ஐந்நூறாக இருக்கலாம், எழுநூறாக இருக்கலாம்; வருமா வராதா என்பது மேகத்துக்கும் மேஸ்திரிக்கும்தான் தெரியும். இந்த ஆயிரம் மழையிலே நனைவதில்லை. காய்ச்சலுக்கு முந்நூறு, மகளின் நோட்டுப் புத்தகத்துக்கு இருநூறு, மாமியாரின் கண் சொட்டு மருந்துக்கு நூறு. இவற்றுக்காக அவள் தண்டல்காரரை அழைப்பதில்லை. பெரிய கடனை ஆயிரம் அடைக்காது. சின்னக் கடனைப் பிறக்கவிடாது. வீட்டை விற்கவைத்த கடன்களின் வரலாற்றைக் கேட்டுப் பாருங்கள். முந்நூறு ரூபாய் காய்ச்சலில்தான் பல கடன்கள் பிறந்திருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது நியாயவிலைக் கடை வழியே குடும்பத்துக்கு 6,000 ரூபாய் தரப்பட்டது. தேவைதான், மறுக்கவில்லை. வெள்ளம் கொண்டுபோன பாயையும் பாத்திரத்தையும் வாங்குவதற்குள் அது தீர்ந்தது. இந்த ஆயிரமோ அடுத்த மாதமும் வரும் என்ற நினைப்பே அவளுக்கு முதுகெலும்பு.

நாடகம் எழுதுகிறவன் என்பதால் கைகளை உற்றுப் பார்ப்பது என் வழக்கம். மேடையிலே ஒரு பெண் பணம் பெறும் காட்சியை அமைக்கச் சொன்னால், புதிய நடிகைகள் எல்லோரும் உள்ளங்கையை மேலே காட்டி நீட்டுவார்கள். தலை தானாகவே தாழும். ஏடிஎம் இயந்திரத்தின் முன் நிற்கும் பெண்ணைப் பாருங்கள். தலை தாழ்வதில்லை, எண்ணை அழுத்துகிறாள், எடுக்கிறாள், எண்ணுகிறாள், முந்தானையில் முடிகிறாள். யாருக்கும் நன்றி சொல்லவில்லை. அந்தக் காட்சியைத்தான் நீங்கள் கெடுக்கிறீர்கள், "நாம் கொடுத்தோம்" என்று கூவி! இயந்திரத்துக்கும் அவளுக்கும் நடுவிலே போய் நின்று, கும்பிடு கேட்கிறீர்கள்!

"உரிமை" என்ற சொல் எங்கிருந்து வந்தது? இந்த இரயில் பாதையில் தெற்கே போனால் செங்கற்பட்டு. 1929 பிப்ரவரியில் அங்கே, சௌந்தரபாண்டியனார் தலைமையில், முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. பெண்ணுக்கும் ஆணுக்கு நிகரான சொத்துரிமை வேண்டும் என்று பெரியாரின் இயக்கம் அங்கே தீர்மானம் போட்டது. சிரித்தார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து 1989ல் கலைஞர் ஆட்சி அதனைச் சட்டமாக்கிற்று. இந்திய நாடு முழுமைக்கும் அது 2005ல்தான் கிட்டிற்று. ஆனால் மணிமங்கலத்துப் பெண்ணின் தகப்பனுக்குச் சொத்தே இல்லையே! சூனியத்தில் சமபங்கு கேட்டு அவள் என்ன செய்வாள்? சொத்தில்லாத பெண்ணிடம் இருப்பது உழைப்பு ஒன்றுதான். வீட்டுக்குள் அவள் உழைக்கும் கூலியில்லா உழைப்புக்கு ஏற்பு வேண்டும் என்பதிலே பிறந்தது அந்தச் சொல்.

சீமையிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. எலினார் ராத்போன் என்றொரு மாதரசி. பிள்ளை வளர்ப்பவளின் கையில் அரசு பணம் தரவேண்டும் என்று 1924ல் நூல் எழுதினார், ஓயாமல் வாதாடினார். 1945ல் பிரிட்டிஷ் அரசு சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தது. அதிலே என்ன எழுதியிருந்தது தெரியுமா? பணம் தகப்பனுக்கு! வெகுண்டெழுந்தார் அந்த அம்மையார். தாய்க்கு இல்லையேல் என் ஆதரவும் இல்லை என்றார். இருபது ஆண்டுகள் தாம் போராடிய திட்டத்தையே எதிர்த்து வாக்களிக்கத் துணிந்தார்! நாடாளுமன்றம் பணிந்தது, தாய்க்கே என்று மாற்றியது. இரண்டாம் பிள்ளை முதல் பிள்ளைக்கு வாரம் ஐந்து ஷில்லிங். 1946 ஆகஸ்டில் முதல் பணம் வழங்கப்பட்டபோது அதைக் காண அவர் இல்லை. அந்த ஆண்டு ஜனவரியிலேயே மறைந்துவிட்டார். தொகை ஐந்து ஷில்லிங்தானே என்று விட்டுவிடாமல், யார் கையில் என்று கேட்டாரே, அதுதான் அரசியல்.

இனி ஏளனக்காரர்களுக்கு வருவோம். 2022 ஜூலையில் பிரதமர் மோடி இலவசங்களை "ரேவடி" என்றார். திருவிழாவில் வாரி இறைக்கும் மிட்டாய் என்று பொருள். அடுத்த ஆண்டே அவர் கட்சி ஆண்ட மத்தியப் பிரதேசத்தில் பெண்களுக்கு மாதம் ஆயிரம் கொடுத்தார்கள். 2024ல் மராட்டியத்தில் ஆயிரத்து ஐந்நூறு. மிட்டாய் இனித்தது போலும்! பெயர்களைக் கவனியுங்கள். அங்கெல்லாம் "செல்லச் சகோதரி". சகோதரிக்குச் சீர் கொடுக்கலாம், கோபம் வந்தால் நிறுத்தலாம். வங்கத்திலே "இலட்சுமி பண்டாரம்". தமிழ்நாட்டில்தான் "உரிமை" என்று பெயர் வைத்தோம். வைத்த பெயருக்கு ஏற்ப நடக்கிறோமா என்பதே என் கேள்வி.

"காசு கொடுத்தால் குடித்துவிடுவார்கள்" என்பது அடுத்த பல்லவி. 2011ல் அதே மத்தியப் பிரதேசத்தின் எட்டுச் சிற்றூர்களில், சேவா அமைப்பு ஏறத்தாழ ஆறாயிரம் பேருக்கு மாதந்தோறும் பணம் கொடுத்துச் சோதித்தது. குடி பெருகவில்லை, உணவு கூடிற்று, கடன் குறைந்தது, ஆடு மாடு வாங்கினார்கள். "கருவூலம் காலி" என்பாருக்கும் ஒரு கணக்கு. ஒரு கோடியே ஆறரை லட்சம் பெண்களுக்கு ஆண்டு முழுதும் கொடுத்தாலும் ஏறத்தாழ 12,800 கோடி. 2019 செப்டம்பரில் பெருநிறுவனங்களுக்கு வரி குறைத்தபோது, ஆண்டுக்கு இழப்பு 1,45,000 கோடி என்று ஒன்றிய அரசே சொன்னது. அதற்கு மிட்டாய் என்று பெயரில்லை, வளர்ச்சி! ஆண்டுக்கு 6,000 ரூபாய் உழவருக்கு என்று அவர்கள் அறிவித்த திட்டமும் நிலப்பட்டா கேட்கிறது. மணிமங்கலத்தாள் பட்டாவுக்கு எங்கே போவாள்?

அவர்களைக் குறை சொல்லிக் கைதட்டு வாங்கியாயிற்று. நம் வீட்டையும் பார்ப்போம். 2023ல் விண்ணப்பித்தோர் ஏறத்தாழ ஒரு கோடியே 63 லட்சம். பெற்றோர் ஒரு கோடியே ஆறு லட்சம். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்பவை விதிகள். ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் நடத்தும் வாடகை வீட்டில், அந்த 3,600 யார் எரித்தது? குடும்ப அட்டையில் பெயர் இல்லாமல் அண்ணன் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கியவளுக்கு யார் விண்ணப்பம் எழுதினோம்? முதல் மாதமே, குறைந்த இருப்பு இல்லையென்று சில வங்கிகள் அந்த ஆயிரத்தில் கைவைத்த புகார் வந்து, கூடாது என்று அரசு எச்சரிக்க நேர்ந்ததே, அப்போது வங்கி வாசலில் நம்மில் எத்தனை பேர் நின்றோம்?

மற்றொன்றும் சொல்லவேண்டும். 1989ல் வந்தது சட்டம். 2023ல் வந்தது அரசாணை. ஓர் அரசாணையை இன்னோர் அரசாணை இரவோடிரவாக நீக்கிவிடும். சட்டத்தை நீக்கவேண்டுமென்றால் மன்றத்திலே எழுந்து நின்று கை தூக்கவேண்டும். ஊர் பார்க்கும், முகம் தெரியும். ஆட்சிகள் மாறும், நம்முடையதும் மாறும், எதிரியுடையதும் மாறும். யார் அமர்ந்தாலும் பறிக்க இயலாதபடி இதனைச் சட்டமாக்கு என்று கேட்கும் முதல் குரல் நம் குரலாக இருக்கட்டும்.

வரும் ஞாயிறு முடிச்சூர், பெருங்களத்தூர், மாடம்பாக்கம், அகரம்தென் பகுதிகளில் வீடு வீடாகச் செல்லுங்கள். விடுபட்டவர் பெயர், குடும்ப அட்டை எண், மறுக்கப்பட்டதற்கான காரணம், மின்மீட்டர் யார் பெயரில், அதில் எத்தனை குடித்தனம் என்று எழுதி வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நீங்களே எழுதுங்கள். எந்தக் கட்சிக்காரர் என்று கேட்க அந்தத் தாளில் இடம் விடவேண்டாம்.