பொன் முட்டையும் பிள்ளை மனமும்



பொன் முட்டையிட்ட வாத்தின் கதையைக் கேளாத பிள்ளை நம்மிடையே இல்லை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நான் பயின்றபோது, மாதிரி வகுப்பு நடத்துமாறு எனக்கு முதன்முதலில் கொடுக்கப்பட்ட பாடம் அதுதான். நாளுக்கு ஒரு பொன் முட்டை. அது போதாதென்று வாத்தின் வயிற்றைக் கீறினான் உரிமையாளன். உள்ளே ஒன்றும் இல்லை. ‘பேராசை பெருநட்டம்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் பாடம் முடிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்பாடத்தை அப்படியே முடித்து வந்தேன். அக்கதைக்குள் வேறொரு பாடமும் ஒளிந்திருக்கிறது என்பதை, ஓய்வு பெற்ற பிறகு பேரனுடன் அமர்ந்து பார்த்த ஓர் அமெரிக்கப் படம் எனக்கு உணர்த்திற்று. அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

படத்தின் பெயர் ‘தி மில்லியன் டாலர் டக்’. பத்து லட்சம் டாலர் வாத்து என்று நாம் சொல்லலாம். வால்ட் டிஸ்னி 1966-ஆம் ஆண்டு மறைந்தபின், அவர் நிறுவிய கலைக்கூடம் 1971-இல் வெளியிட்ட நகைச்சுவைப் படம் இது. இயக்கியவர் வின்சென்ட் மெக்எவீட்டி. தந்தையாக டீன் ஜோன்ஸும் தாயாக சாண்டி டங்கனும் நடித்துள்ளனர்.

ஆல்பர்ட் டூலி என்பவர் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துப் பேராசிரியர். விலங்குகளின் அறிவுத்திறனைச் சோதிப்பது அவர் தொழில். கல்வி உண்டு, காசு இல்லை. மாதம் பிறந்தால் பாக்கிகள் வந்து கதவைத் தட்டும். மனைவி கேட்டி கள்ளமற்ற உள்ளம் படைத்தவள்; சமையற்கலை மட்டும் அவளுக்குக் கைவரவில்லை. மகன் ஜிம்மிக்கு நாய்க்குட்டி வளர்க்க ஆசை. அதை நிறைவேற்றத் தந்தைக்கு வசதியில்லை.

ஆராய்ச்சிக்கூடத்தில் வாத்து ஒன்று இருந்தது. எந்தச் சோதனையிலும் தேறாத மந்த வாத்து. வீட்டில் யாரும் விரும்பாத, கேட்டி செய்த ஆப்பிள் கூழை அது விழுங்கிவிடுகிறது. பிறகு கதிர்வீச்சுக்கும் ஆளாகிறது. பயனற்றது என்று கழிக்கப்பட்ட அவ்வாத்தைத் தந்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். நாய்க்குட்டி கேட்ட பிள்ளைக்கு வாத்துக் கிடைக்கிறது. அவன் முகம் சுளிக்கவில்லை. சார்லி என்று அழைத்து அதனோடு உறவாடுகிறான். நாய் குரைக்கும் ஒலி கேட்டவுடன் சார்லி ஒரு முட்டை இடுகிறது. அதன் மஞ்சள் கரு பசும்பொன்!

விஞ்ஞானம் அறிந்தோர் இதைக் கேட்டு நகைப்பர். எக்ஸ் கதிர் அணுவின் வெளிப்புறத்திலுள்ள எலக்ட்ரான்களை அசைக்குமேயன்றி, ஒரு தனிமத்தை மற்றொரு தனிமமாக மாற்றாது. ஆனால் இது பௌதிகப் பாடமன்று, கதை. வறிய வீட்டில் திடீரெனச் செல்வம் புகுந்தால் அங்குள்ளவர் என்ன ஆவர் என்பதே இங்குச் சோதனை. வாத்தைச் சோதித்தவரை வாத்துச் சோதிக்கிறது!

அண்டை வீட்டுக்காரர் கருவூலத் துறை அலுவலர். அவர் மோப்பம் பிடிக்கிறார். தன் வீட்டு வாத்து இட்ட பொன்னை வைத்திருப்பது குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். அன்றைய அமெரிக்காவில் அது குற்றமே. பெரும் பொருளாதாரச் சரிவின்போது, 1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணை பிறப்பித்தார். பொற்காசுகளையும் பொற்கட்டிகளையும் மக்கள் வங்கிகளில் ஒப்படைத்துவிட வேண்டும்; அவுன்ஸுக்கு 20.67 டாலர் தரப்படும். நகைகளுக்கும் சிறு அளவிலான காசுகளுக்கும் விலக்கு உண்டு. மறுஆண்டு அரசு அவுன்ஸின் விலையை 35 டாலராக உயர்த்தியது. தனியார் பொற்கட்டி வைத்திருக்கும் உரிமை 1974 டிசம்பர் 31-இல்தான் மீண்டும் கிடைத்தது. நம் நாட்டிலும் 1963 முதல் 1990 வரை தங்கக் கட்டுப்பாடு இருந்ததை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆகவே, படத்தில் கருவூலத்தார் கலங்குவது வெறும் கோமாளித்தனமன்று. அரசின் டாலருக்குப் பொன் ஈடாக நின்ற காலம் அது. ஈடாக வைத்த பொன்னை ஒரு வாத்து நாளும் பெருக்கத் தொடங்கினால், நாணயத்தின் மதிப்பு என்ன ஆகும்? வேடிக்கை என்னவெனில், படம் வெளியான அதே 1971-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள், வெளிநாட்டு அரசுகள் டாலரைக் கொடுத்துப் பொன் பெறும் வழியைக் குடியரசுத் தலைவர் நிக்ஸன் அடைத்துவிட்டார். அதற்கு எந்த வாத்தும் காரணமன்று!

நேயர்களே, நான் கணக்கு வாத்தியார். படம் முடிந்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாத்து முட்டையின் மஞ்சள் கரு ஏறத்தாழ 20 கன சென்டிமீட்டர் இருக்கும் என்று கொள்வோம். ஒரு கன சென்டிமீட்டர் பொன்னின் எடை 19.3 கிராம். ஆகவே, ஒரு பொற்கருவின் எடை 386 கிராம். பொன் நிறுக்கும் அவுன்ஸ் 31.1 கிராம், ஆக அது சுமார் 12.4 அவுன்ஸ். அவுன்ஸ் 35 டாலர் வீதம் அதன் விலை 434 டாலர். அப்படியாயின், பத்து லட்சம் டாலர் சேர ஏறக்குறைய 2,300 முட்டைகள் வேண்டும். நாளுக்கு ஒன்று என்றால் ஆறு ஆண்டுகளும் சில மாதங்களும் ஆகும். விரைவாக வேண்டுமெனில் நாயை ஓயாமல் குரைக்கச் செய்ய வேண்டும்.

ஆறு ஆண்டுகள்! அந்த விடையைத் தாளில் எழுதியவுடன் என் பேனா நின்றுவிட்டது. ஆறு ஆண்டில் ஜிம்மியின் குழந்தைப் பருவம் முடிந்து போகுமே! பத்து லட்சம் சேர்ந்த அன்று, அதைக் கொண்டு நாய்க்குட்டி வாங்கித் தர, வீட்டில் சிறுவன் இருக்கமாட்டான்.

படத்தில் நடப்பதும் அதுதான். தந்தை கொடியவர் அல்லர். மகனுக்காகவும் மனைவிக்காகவுமே பொருள் தேடத் தொடங்குகிறார். வழக்கறிஞரான நண்பரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, பொன்னைக் காசாக்கும் வழிகளை ஆராய்கிறார். நாள் செல்லச் செல்ல அவர் கண்ணுக்கு முட்டை மட்டுமே தெரிகிறது. முட்டைக்குப் பின்னே நிற்கும் மகன் தெரியவில்லை. ஜிம்மிக்குச் சார்லி தோழன். தந்தைக்கோ அது சுரங்கம். ஒரே வாத்து, இருவர் கண்ணுக்கு இருவேறு பொருள். இறுதியில் மனம் நொந்த சிறுவன் வாத்தை அணைத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறான். துரத்தலும் ஓட்டமுமாகச் சென்று, இரு கட்டடங்களுக்கிடையே உயரத்தில் நீண்ட ஏணியின் நடுவே சிக்கிக்கொள்கிறான். அப்போதுதான் தந்தை விழித்தெழுகிறார். உயிரைப் பொருட்படுத்தாமல் ஏறிச் சென்று மகனை மீட்கிறார்.

பழைய கதையில் பேராசைக்காரனின் கத்தி வாத்தின் வயிற்றில் இறங்கிற்று. இங்கே வாத்துக்கு ஒரு கீறலும் இல்லை. கத்தி இறங்கியது ஒரு பிள்ளையின் மனத்தில். கதை எழுதியவர்கள் இதைப் பறைசாற்றவில்லை. சிரிப்பினூடே சொல்லிச் செல்கிறார்கள்.

இப்படத்தை உயர்ந்த கலைப்படைப்பு என்று நான் வாதிக்கவில்லை. சிகாகோ நகரத்துப் புகழ்பெற்ற விமரிசகர் ஜீன் சிஸ்கெல், முடியும்வரை அமர்ந்திருக்க மனமின்றிப் பாதியிலேயே எழுந்து சென்றார். அவர் அவ்வாறு எழுந்து சென்ற படங்கள் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று. மற்றொரு விமரிசகர் ரோஜர் ஈபெர்ட்டும் இதை மூடத்தனமான படம் என்றே எழுதினார். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. துரத்தல் காட்சிகள் நீளுகின்றன; கேட்டியின் பேதைமையும் அளவு மீறியதே. எனினும், மண்பானையில் தந்தாலும் தண்ணீர் தாகம் தீர்க்கிறது அன்றோ?

வழக்கு நீதிமன்றத்துக்கு வருகிறது. வாத்து பொன் முட்டை இடுவது உண்மையானால் இங்கேயே இடட்டும் என்கிறார்கள். சார்லி முட்டையிடுகிறது. உடைத்துப் பார்த்தால் சாதாரண மஞ்சள் கரு! மாயம் தீர்ந்துவிட்டது; வழக்கும் தள்ளுபடியாகிறது.

அக்காட்சியில் என்னை அறியாமல் நான் “அடடா!” என்று வாய்விட்டு வருந்தினேன். இவ்வளவு செல்வம் போயிற்றே என்று. அருகிலிருந்த என் பேரனோ கைதட்டினான். “தாத்தா, இனிமேல் அந்த வாத்தை யாரும் பிடுங்க மாட்டார்கள் இல்லையா?” என்று கேட்டான். நான் மறுமொழி சொல்லவில்லை. என் மகன் எங்களுக்குப் பின்னால் நாற்காலியில் அமர்ந்திருந்தான். அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் மௌனத்தின் பொருள் எனக்குத் தெரியும். அவன் சிறுவனாயிருந்தபோது, மனை வாங்கவேண்டும் என்று விடியற்காலையிலும் மாலையிலும் தனி வகுப்புகள் நடத்தினேன். பிறர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிவிட்டு நான் வீடு திரும்பும்போது அவன் உறங்கியிருப்பான். இப்படி ஆறு ஆண்டுகள். மனை வந்தது, அதில் வீடும் எழுந்தது. எல்லாம் அவனுக்காகத்தான் என்று நான் சொல்லிக்கொண்டேன். டூலியும் அதையேதான் சொல்லிக்கொண்டார்.

உழைத்துப் பொருள் ஈட்டுவது தவறன்று. வறுமை பெருமையும் அன்று. ஆனால், யாருக்காகத் தேடுகிறோமோ அவர்கள் முகத்தை நாளுக்கு ஒருமுறையேனும் நிமிர்ந்து பாருங்கள். பொன் காத்திருக்கும்; பிள்ளைப் பருவம் காத்திராது. இப்பொழுது அப்பாடத்தை நான் நடத்துவதாயிருந்தால், கரும்பலகையில் இதைத்தான் எழுதுவேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மகனை அழைத்துக்கொண்டு ஆற்றங்கரை வரை நடந்து சென்றேன். நெடுநேரம் இருவரும் அதிகம் பேசவில்லை. திரும்பும் வழியில் அவனே, “அடுத்த வாரமும் வருவோம், அப்பா” என்றான்.