இழந்த நாணயத்தை மீட்டல்

(பாலவனத்தத்தில் நடைபெற்ற மகாவீரர் ஜயந்தி விழாவில், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியர் விழா மேடையேறினால் காப்பியம் பேசுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இன்று நான் கடன் அட்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் இல்லங்களில் இளைஞர் சிலர் கடன் அட்டையாலும் கைப்பேசிச் செயலிக் கடனாலும் இடர்ப்பட்டு, பின்னர் எவ்வாறோ கடனை அடைத்தும், வங்கிகளில் மறுக்கப்பட்டு நிற்கின்றனர். அவர்கள் மீண்டெழும் வழியைச் சொல்லுமாறு பொறுப்பாளர்கள் கேட்டுக்கொண்டனர். அறிந்தோரிடம் கேட்டும் விதிகளைப் படித்தும் தெளிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

'நாணயம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். அருப்புக்கோட்டையில் நூல் வாங்கும் நெசவாளருக்கும், விருதுநகரில் சரக்கெடுக்கும் வணிகருக்கும், கரிசல் காட்டில் விதை வாங்கும் உழவருக்கும் முற்காலத்தில் இரண்டாவது நாணயமே முதலாவதைப் பெற்றுத் தந்தது. "அவர் நாணயமானவர்" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னால், எழுத்தின்றியே கைமாற்றுக் கிடைத்தது. இன்று அந்தப் பெரியவரின் இடத்தில் ஒரு பேரேடு அமர்ந்திருக்கிறது.

அப்பேரேட்டை எழுதுவோர் கடன் தகவல் நிறுவனத்தார். 2005ஆம் ஆண்டின் சட்டப்படி நம் நாட்டில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நுண்கடன் நிறுவனங்களும் நம் கடன் கணக்குகளை இவற்றுக்கு அறிவிக்கின்றன. 300 முதல் 900 வரையிலான ஒரு மதிப்பெண்ணாக நம் நாணயம் சுருங்குகிறது. மாதம் ஒருமுறை நிகழ்ந்த அறிவிப்பு, 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிகழ வேண்டும் என ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. ஆகவே நாம் செய்யும் தவறும் விரைவில் ஏடேறும். செய்யும் திருத்தமும் விரைவில் ஏடேறும்.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. பாரத ஸ்டேட் வங்கியின் அதிகாரிப் பணிக்குத் தேர்வு பெற்ற இளைஞர் ஒருவரின் நியமனத்தை, அவருடைய கடன் வரலாற்றைக் காரணம் காட்டி அவ்வங்கி நீக்கியது. தம் நிலுவைகள் அடைக்கப்பட்டுவிட்டன என அவர் வழக்காடினார். 2025 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் முடிவையே ஏற்றது. மறுபுறம், சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் மாணவரின் கல்விக் கடன் விண்ணப்பத்தை மறுத்தலாகாது எனக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் கூறியது. எனினும் பிள்ளையின் கல்விக் கடனில் தந்தையோ தாயோ இணைக் கடனாளியாகக் கையொப்பமிடும்போது, அவர்தம் வரலாற்றையும் வங்கி நோக்கவே செய்கிறது. எனவே இது ஒருவர் மதிப்பெண்ணைப் பற்றிய செய்தியன்று. ஒரு குடும்பத்தின் வாயிற்கதவைப் பற்றிய செய்தி.

கடனில் வீழ்ந்தோரை இகழ்தல் நமக்கு அழகன்று. இவ்வூர் ஜமீன்தாராக விளங்கிய பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அவருடைய நெருங்கிய உறவினரும், விவேகானந்தர் அமெரிக்கா செல்ல ஊக்கமளித்தவருமான பாஸ்கர சேதுபதி கொடையால் புகழ் பெற்றவர். கடன் சுமையால் நலிந்தவரும் அவரே. மன்னர்க்கே அந்நிலை என்றால், மருத்துவச் செலவும் வேலையிழப்பும் மழை பொய்த்தலும் எளிய குடும்பத்தை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீழ்ந்தவருக்கு வேண்டுவது பழிச்சொல்லன்று, எழும் முறை.

எழும் முறையில் முதற்படி, புதிய அட்டையைத் தேடுவதன்று. பழைய ஏட்டைப் படிப்பது. நான்கு நிறுவனங்களும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்னும் விதி 2017 முதல் நடைமுறையில் உள்ளது. நான்கையும் ஒரே நாளில் பெறாமல், மூன்று திங்களுக்கு ஒன்றாகப் பெற்றால் ஆண்டு முழுவதும் கண்காணிக்கலாம். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

அறிக்கையில் என்ன பார்க்க வேண்டும்? பெயரும் பான் எண்ணும் சரியா? நாம் வாங்காத கடன் நம் பெயரில் உள்ளதா? அடைத்த கடன் இன்னும் திறந்த கணக்காகக் காட்டப்படுகிறதா? பிறருக்காக நாம் பிணை நின்ற கடன் தவறியிருக்கிறதா? பிழை இருப்பின் அந்நிறுவனத்திடமே முறையிடலாம். முப்பது நாள்களுக்குள் தீர்வு காணாவிடில், அதன் பின்னான ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 இழப்பீடு தர வேண்டும் என்னும் விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது.

இங்கு ஒரு சொல்லைக் கூர்ந்து நோக்க வேண்டும். கடனை முழுதும் அடைத்தால் கணக்கு 'முடிக்கப்பட்டது' எனப் பதிவாகும். "ஒரு பகுதியைத் தாருங்கள், மீதியை விட்டுவிடுகிறோம்" என்னும் ஏற்பாட்டுக்கு உடன்பட்டால் அது 'செட்டில்டு' எனப் பதிவாகும். கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். கடன் கொடுப்போர் கண்ணுக்கோ முன்னது நிறைவு, பின்னது குறை. அவ்வாறு பதிவான கணக்கு இருப்பின், மீதித் தொகையையும் செலுத்தி, நிலுவையில்லாச் சான்று பெற்று, பதிவை மாற்றுமாறு வங்கியிடம் எழுத்தால் கேட்பதே முறை. "பணம் தந்தால் மதிப்பெண்ணை உயர்த்தித் தருகிறோம்" என்று கூறுவோரை நம்ப வேண்டா. பொய்யான பதிவை நாமே கட்டணமின்றி நீக்கலாம். மெய்யான பதிவை எவராலும் நீக்க இயலாது.

இனி அட்டையைத் தேர்தல். மறுக்கப்பட்டவர் செய்யும் பெரும்பிழை, ஒரே மாதத்தில் ஐந்தாறு வங்கிகளுக்கு விண்ணப்பிப்பது. ஒவ்வொரு விண்ணப்பமும் வினவலாக ஏட்டில் பதிவாகிறது. பல கதவுகளை ஒருங்கே தட்டுபவர் பணத்துக்குத் தவிக்கிறார் என்றே ஏட்டைப் படிப்பவர் கொள்வர். ஆதலின் ஒன்றைத் தேர்ந்து, ஒன்றுக்கே விண்ணப்பிக்க வேண்டும்.

அந்த ஒன்று எது? நிலை வைப்பின் மீது தரப்படும் அட்டையே ஏற்றது. நாம் வங்கியில் ஒரு தொகையை வைப்பாக இடுகிறோம்; அதையே பிணையாகக் கொண்டு வங்கி அட்டை தருகிறது. பிணை கையிலிருப்பதால் பழைய மதிப்பெண்ணை வங்கி பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. வைப்புக்குரிய வட்டியும் நமக்கு வந்துகொண்டிருக்கும். கோயிலில் காசு வைத்து, முதல் குன்றாமல் அதன் பலிசையால் நந்தா விளக்கு எரித்த செய்திகளைப் பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் காண்கிறோம். பலிசை என்பது வட்டி. முதலைத் தொடாமல் பயன் கொள்ளும் அம்முறையை இந்த அட்டையிலும் காணலாம்.

வைப்பு அட்டையிலும் வேறுபாடுகள் உண்டு. ஒப்பிட்டு நோக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். குறைந்த வைப்புத் தொகை எவ்வளவு? அதில் எவ்வளவு பங்கு கடன் வரம்பாகக் கிடைக்கும்? ஆண்டுக் கட்டணம் உண்டா? வைப்பு எத்துணைக் காலம் முடங்கும்? அட்டையை மூடினால் வைப்பு எப்போது கைக்கு வரும்? ஓராண்டு ஒழுங்காகச் செலுத்திய பின் பிணையற்ற அட்டைக்கு மாற்றுவார்களா? பட்டியல் வரும் நாளை நம் வருமான நாளுக்கு ஏற்ப மாற்றித் தருவார்களா? மாதச் சம்பளக்காரருக்கும், விளைச்சல் விற்ற பின்னரே பணம் காணும் வானம்பார்த்த பூமிக்காரருக்கும் இந்தக் கடைசி வினா முதன்மையானது.

ரூபே அட்டையாயின் அதை யூ.பி.ஐ. செயலியோடு இணைத்து, வணிகர்க்குரிய கியூ.ஆர். பலகை வைத்த சிறு கடையிலும் செலுத்தலாம். இது வசதி, செலவைப் பெருக்கும் வழியும் இதுவே. பரிசுப் புள்ளிகள், விமான நிலைய ஓய்வறை, திரையரங்குச் சலுகை ஆகியவற்றைத் தேர்வின் போது ஒதுக்கிவிடுங்கள். மீண்டெழுவோருக்கு அட்டை ஒரு சாட்சி. ஒவ்வொரு மாதமும் "இவர் வாங்கினார், குறித்த நாளில் முழுதும் தந்தார்" என ஏட்டில் சொல்வதே அதன் வேலை.

அந்தச் சாட்சியத்தை எவ்வாறு உண்டாக்குவது? வைப்பு ரூ. 20,000 எனவும், வரம்பு ரூ. 18,000 எனவும் கொள்வோம். வரம்பில் முப்பது விழுக்காட்டுக்குள் பயன்படுத்துக என்பது வங்கியாளர் பொதுவாகக் கூறும் அறிவுரை. அஃதாவது ரூ. 5,400க்குள். எரிவாயு உருளை, மின்கட்டணம், மளிகை என எப்படியும் செய்யும் செலவில் மூவாயிரம் அளவு மட்டும் அட்டையில் செலுத்தி, அதே நாளில் அந்தத் தொகையைக் கையிருப்பிலிருந்து ஒதுக்கி வைக்க வேண்டும். பட்டியல் வந்ததும் முழுத் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானே செல்லுமாறு ஆணையிட்டுவிட்டால் மறதிக்கு இடமில்லை.

'குறைந்தபட்சத் தொகை' என்று பட்டியலில் ஒரு வரி இருக்கும். அதை மட்டும் கட்டினால் தவறியவர் ஆக மாட்டோம். மீள்பவரும் ஆக மாட்டோம். மாத வட்டி மூன்றரை விழுக்காடு எனில், ரூ. 10,000 நிலுவைக்கு ஒரு மாத வட்டி ரூ. 350, அதன்மேல் பதினெட்டு விழுக்காடு வரி ரூ. 63, ஆக ரூ. 413. ஆண்டுக் கணக்கில் வட்டி மட்டுமே நாற்பத்திரண்டு விழுக்காடு. நிலுவை வைத்துவிட்டால், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. ஆண்டுக்கு முப்பது விழுக்காட்டுக்கு மேல் வாங்கலாகாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் கூறியிருந்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அவ்வாணையை நீக்கிவிட்டது. ஆகவே நம்மைக் காக்கும் உச்சவரம்பு வெளியே இல்லை. நாம் இட்டுக்கொள்வதே வரம்பு. இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களில் ஒன்றைப் 'பொருள் வரைதல்' என்பர். வங்கி தரும் வரம்பு பதினெட்டாயிரமாக இருக்கலாம். நாம் வரைந்துகொள்ளும் எல்லை மூவாயிரமாக இருக்கட்டும்.

அட்டையால் இயந்திரத்தில் ரொக்கம் எடுத்தல் ஆகாது. எடுத்த நாள் முதலே வட்டி ஓடும். உறவினர்க்காகவோ நண்பர்க்காகவோ பொருள் வாங்கித் தருதலும் ஆகாது. அவர் தவறினால் ஏட்டில் எழுதப்படுவது நம் பெயர்.

ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட நெறிமுறைகள் நமக்குச் சில உரிமைகளைத் தந்துள்ளன. கேட்காத அட்டையை எவரும் நமக்கு அனுப்பலாகாது. அட்டையை மூடக் கேட்டால், நிலுவை இல்லாத நிலையில் ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ. 500 தர வேண்டும். கட்ட வேண்டிய நாள் கடந்து மூன்று நாள்களுக்கு மேலான பின்னரே தாமதக் கட்டணம் விதிக்கலாம். தவறியதாகத் தகவல் நிறுவனத்துக்கு அறிவிப்பதும் அதன் பின்னரே. இம்மூன்று நாள் அவசரத்துக்கு உரியவை, வழக்கமாக்கிக்கொள்வதற்கு உரியவையல்ல. வங்கியிடம் எழுத்தால் முறையிட்டும் முப்பது நாளில் தீர்வு கிடைக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். வழி கேட்க 14448 என்னும் தொலைபேசி எண் உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை.

தாய்மார்களுக்கு ஒரு சொல். மகளிர் குழுவின் வழியாக நுண்கடன் நிறுவனத்திடம் வாங்கும் கடனும் உங்கள் பெயரில் ஏடேறுகிறது. உங்கள் பெயரில் கணவரோ மகனோ கடன் பெற்றால், தவறும்போது கெடுவது உங்கள் வரலாறு. கையொப்பமிடுமுன் எவ்வளவு, எத்தனை தவணை, யார் கட்டுவது என்று கேட்பது உங்கள் உரிமை. வீட்டில் ஒருவர் நாணயம் கெட்டிருக்கும்போது மற்றவர் பெயரில் கடன் வாங்கி ஈடுகட்டினால் இருவர் நாணயமும் கெடும்.

இளைஞர்களே, இது ஒரு திங்களில் முடியும் செயலன்று. ஆறு மாதம், ஓராண்டு என ஒழுங்கு தொடர்ந்தால்தான் ஏட்டில் பழையதன்மேல் புதியது படியும். இந்த வறண்ட நிலத்து உழவர், மழை பொய்த்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் காடு முழுவதையும் கடன் வாங்கி விதைப்பதில்லை. ஈரம் பார்த்துச் சிறிது விதைத்து, அது முளைத்த பின்னரே மீதியைத் தொடுவர். ஓர் அட்டை, சிறு செலவு, முழுத் தொகை. ஓராண்டு கழித்தே அடுத்த விண்ணப்பம்.

பெற்றோர்களே, பிள்ளை கடனை மறைக்கிறான் என்றால் அவன் பெரும்பாலும் அஞ்சுவது வங்கிக்கு அன்று; நமக்கு. அஞ்சாமல் சொல்லும்படி வீட்டில் ஓர் இடம் கொடுங்கள். விழா முடிந்து இல்லம் திரும்பியதும், இந்த வாரத்தில் ஒரு மாலைப் பொழுதில் குடும்பத்தோடு அமர்ந்து, ஒவ்வொருவர் அறிக்கையையும் பெற்றுப் படியுங்கள். ஐயம் எழுந்தால் பொறுப்பாளர்கள் வழியாக என்னிடம் கேளுங்கள்; அறிந்ததைச் சொல்வேன், அறியாததை அறிந்தவரிடம் கேட்டுச் சொல்வேன்.