தலைமாட்டுத் துணி

(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டொக்டர் பேசினால் நீரிழிவும் இரத்த அழுத்தமும்தான் வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்வோம். இப்போது, நாம் யாருக்கும் சொல்லாத ஒரு விஷயம். நம்மில் எத்தனை பேருக்கு இன்னும் அந்தப் பழைய குட்டித் தலையணை இல்லாமல் நித்திரை வராது? மிளகாய்த்தூளோடும் கருவாட்டோடும் அதையும் பெட்டியில் வைத்து டொரொன்டோவுக்கும் லண்டனுக்கும் கொண்டுபோனவர்கள் எத்தனை பேர்? கையை உயர்த்த வேண்டாம். கணவன்மார் பின்வரிசையில் இருக்கிறார்கள்.

இது வெட்கப்படும் காரியமல்ல. இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகொட் 1951 இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். 1953 இல் அது அச்சில் வந்தது. தானும் தாயும் ஒன்றென்றிருந்த குழந்தை, தாய் வேறு தான் வேறு என்று உணரத் தொடங்கும் காலத்தில் ஒரு போர்வை நுனியையோ பொம்மையையோ பற்றிக்கொள்கிறது என்றார். அதைத் துவைத்தால் குழந்தைக்கு அதன் அருமையே கெட்டுவிடலாம் என்றும் எழுதினார். அழுக்கைப் பற்றி ஒரு மருத்துவர் இப்படி எழுதியது நமக்கெல்லாம் ஆறுதல்தான்.

பஞ்சுக் கரடி நம் வீடுகளுக்குப் பிந்தி வந்த விருந்தாளி. பல்லேபொலப் பக்கத்தில் நாம் பிடித்துக்கொண்டு தூங்கியது அம்மாவின் பழஞ்சேலையை. ஏணை கட்டியதும் அதே சேலையில்தான். நாம் வளர்ந்ததும் ஏணை அவிழ்ந்தது. ஒரு துண்டு மட்டும் தலைமாட்டில் தங்கியது.

இன்று அந்தத் துண்டின் கதை வேறு. எண்பதுகளிலிருந்து நம் பகுதித் தாய்மாரும் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிவருவது பாட்டி. பிள்ளையின் கையில் அம்மா விட்டுப்போன சட்டை. "டொக்டர், இந்த ஊத்தைத் துணியை எப்படி விடவைக்கிறது?" என்பதுதான் பாட்டியின் முதல் கேள்வி, காய்ச்சல் இரண்டாவது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாதென்று 2013 இல் விதி வந்தது. நாடு டொலருக்குத் தவித்த 2022 இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். இரண்டு வயது, துணியை இறுகப் பிடிக்கும் வயது. சட்டம் எழுதியவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

பாட்டிமாருக்கு நாங்கள் சொல்வது இதுதான்: பறிக்காதீர்கள். பிறந்து ஒரு வாரமான சிசுகூடத் தன் தாயின் மணத்தை அறிந்து அந்தப் பக்கம் திரும்புவதை ஐடன் மக்ஃபார்லேன் 1975 இல் காட்டினார். அந்தச் சட்டையில் பிள்ளை தேடுவதும் அம்மாவைத்தான். துவைத்தே ஆகவேண்டுமென்றால் இரண்டாக வெட்டி, ஒன்று கையில், ஒன்று கொடியில். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பின் பல பிள்ளைகள் தாமாக விட்டுவிடுவார்கள். விடாதவர்களுக்கும் அது நோயல்ல. விளையாட்டையும் பேச்சையும் சாப்பாட்டையும் விட்டுவிட்டுத் துணியோடு மட்டும் ஒடுங்கும் பிள்ளையை எங்களிடம் கொண்டுவாருங்கள். அப்போதும் பார்க்க வேண்டியது பிள்ளையை, துணியையல்ல.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஒரு வயதாகாத குழந்தை தூங்கும் இடத்தில் தலையணை, பொம்மை, தளர்ந்த துணி எதுவும் வேண்டாம். மூச்சடைக்கும். விழித்திருக்கும்போது, பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது கையில் கொடுக்கலாம்.

இனி நம் சங்கத்தின் வேலை. புலமைப்பரிசில் சித்தியடைந்து ஆறாம் தரத்துக்கு வரும் பிள்ளைக்குப் பதினொரு வயதுதான். விடுதிக்குக் கொண்டுவர வேண்டியவை என்று ஒரு பட்டியல் கொடுக்கிறோம்: சீருடை, வாளி, படுக்கை விரிப்பு, டோர்ச். நம் காலத்தில் முதல் நாளே பெட்டியைக் கிளறி, பழந்துணி இருந்தால் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். அன்றிரவு அந்தக் கட்டிலிலிருந்து வந்த விசும்பல் நமக்கெல்லாம் கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை, போகவும் விடமாட்டார்கள்.

நூற்றாண்டு நிதியில் விடுதிக்குப் புதுக் கட்டில் வாங்குகிறோம், நல்லது. அந்தப் பட்டியலில் ஒரு வரியும் சேர்ப்போம்: "பிள்ளை வீட்டில் வைத்துத் தூங்கும் பொருள் ஏதாவது ஒன்று. பழையதாக இருந்தாலும் பரவாயில்லை." விடுதிப் பொறுப்பாசிரியை இங்கேதான் இருக்கிறார். தேநீர் இடைவேளையில் நாலு பேர் சேர்ந்து போய் அவரிடம் பேசுவோம், வருகிறீர்களா?