கிளினிக் கொப்பி எங்கே இருக்கிறது?

(தோட்டமொன்றில் நடந்த மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பின்னால் ஆம்பிளைகளும் நிற்கிறீர்கள். நல்லது, போய்விடாதீர்கள், இது உங்களுக்கும்தான்.

சம்பளத்தைப் பற்றித் தலைவர் பேசிவிட்டார். நான் ஒரு கொப்பியைப் பற்றிப் பேச வந்தேன். பிள்ளை பிறந்ததும் தருகிறார்களே, பிள்ளையின் எடை, வளர்ச்சி, ஊசி எல்லாம் பதிகிற கிளினிக் கொப்பி. உங்கள் வீட்டில் அது இப்போது எங்கே இருக்கிறது? பெட்டிக்குள் என்றால் பெட்டியின் திறப்பு யாரிடம்?

ஆஸ்பத்திரியிலிருந்து வருமுன்னே பி.சி.ஜி. போட்டுவிடுகிறார்கள். 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்கான பெண்டா ஊசி, போலியோ மருந்து. 9 மாதத்தில் எம்.எம்.ஆர்., ஒரு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. இதுவரை அநேகமாகத் தவறுவதில்லை. பிள்ளை கைப்பிள்ளை, மிட்வைப் மிஸ்ஸியும் லயத்துக்கு வந்து கேட்பார். நான் பார்த்த அளவில் தவறுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். 18 மாதத்தில் ஒன்று, 3 வயதில் இரண்டாவது எம்.எம்.ஆர்., 5 வயதில் பள்ளிக்கூடம் சேரும்போது இன்னொன்று. பிள்ளை ஓடி விளையாடுகிறது, தாய் மலைக்குப் போய்விட்டாள். ஒன்றரை வருசம் தள்ளி வருகிற திகதி யாருக்கு ஞாபகம் இருக்கும்?

"எம்.எம்.ஆர். ஒருதரம் போட்டாச்சே, போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது. முதல் ஊசியில் சில பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி வருவதில்லை, அவர்களுக்காகத்தான் இரண்டாவது. சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019இல் இலங்கைக்குப் பேர் கிடைத்தது. 2023இல் அது திரும்ப வந்துவிட்டது. நம் லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். "அம்மா போட்டிருக்கு" என்று வேப்பிலை கட்டுவதில் எனக்குச் சண்டை இல்லை. கட்டுங்கள். கையோடு டிஸ்பென்சரிக்கும் சொல்லி அனுப்புங்கள்.

இனி, தாய் கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ போகிற வீடுகள். எனக்குத் தெரிந்த ஒரு தாய், பத்திரமாக இருக்கட்டும் என்று கொப்பியை அலுமாரியில் பூட்டிவிட்டு வெளிநாடு போனார். பிள்ளை வேறு தோட்டத்தில் அம்மாயியிடம். கிளினிக்கில் கேட்டதற்கு அம்மாயி "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, மகள் சொன்னதைச் சொன்னார். பழைய தோட்டத்து மிட்வைப் மிஸ்ஸியின் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் 18 மாத ஊசி போடவில்லை என்று தெரிந்தது. அப்போது பிள்ளைக்கு 3 வயது தாண்டிவிட்டது. பிள்ளை எந்த வீட்டில் படுக்கிறதோ அந்த வீட்டில் கொப்பி இருக்க வேண்டும்.

கொப்பி தொலைந்தாலும், மழையில் நனைந்தாலும், திகதி தவறினாலும் ஒளிந்துகொள்ளாதீர்கள். ஏசுவார்கள் என்று பயந்தே கிளினிக் பக்கம் போகாத தாய்மார் இருக்கிறார்கள். மிஸ்ஸியிடம் பிறப்பும் ஊசியும் பதிந்த பதிவேடு இருக்கிறது, அதைப் பார்த்து வேறு எழுதி வாங்கலாம். தவறிய இடத்திலிருந்து தொடர்வார்கள், முதலிலிருந்து தொடங்குவதில்லை. ஒரு ஊசி பிந்தினால் அடுத்ததும் தள்ளிப்போகும். அதனால் நீங்களாக மாசக் கணக்குப் போடாமல், கொப்பியில் எழுதிய திகதியையே பாருங்கள். எழுத்து விளங்காவிட்டால் அங்கேயே கேளுங்கள். தமிழ்க் கொப்பியும் இருக்கிறது.

அந்தத் திகதி ஒருவர் மனதில் மட்டும் இருக்கக் கூடாது. கிளினிக்கால் வந்ததும் சுவர்க் கலண்டரில் வட்டம் போடுங்கள். மூத்த பிள்ளையிடம் சொன்னால் போனில் அலாரம் வைத்துத் தரும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வெளியில் இருக்கிற தாய்க்கும் அனுப்புங்கள்; அங்கிருந்து அவர் ஞாபகப்படுத்துவார். பிள்ளை மடுவத்துப் பொறுப்பாளரிடமும் ஒரு பட்டியல் இருக்கட்டும்.

இதையும் சொல்ல வேண்டும்: கிளினிக்குக்குப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டே "ஏன் வரவில்லை?" என்று தாயை மட்டும் கேட்பது நியாயமில்லை. கிளினிக் நாளில் பிந்தி வருகிற தாய்க்குப் பேர் போட வேண்டும் என்று தலைவர்மார் துரையிடம் பேச வேண்டும். முதல் நாள் பெரட்டில் அறிவிக்கவும் வேண்டும். அப்பாமாரே, நீங்களும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம். கொப்பியைப் பார்த்துத்தான் ஊசி போடுகிறார்கள், யார் கொண்டுவந்தது என்று பார்த்தல்ல.

ஐந்து வயதோடு கொப்பியை எறிந்துவிடாதீர்கள். 2017 முதல் 6ஆம் தரத்துப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான ஊசி பள்ளிக்கூடத்திலேயே போடுகிறார்கள். 7ஆம் தரத்திலும் ஒன்று உண்டு.

இன்று கொப்பி கொண்டுவந்தவர்கள் அந்த மூலை மேசைக்கு வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கொண்டுவராதவர்கள் வீட்டுக்குப் போய்த் தேடி எடுத்து, நாளைக்கு உங்கள் டிவிசன் மாதர் தலைவியிடம் காட்டுங்கள். பி.சி.ஜி. தழும்பு பிள்ளையின் இடது கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆறு மாதமாகியும் தழும்பு இல்லாவிட்டால் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள்.