ஹார்பர் டவுனில் ஒரு சுற்று



அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரம், தென் கரோலினா மாநிலத்தில், ஹில்டன் ஹெட் என்றொரு தீவு இருக்கிறது. நீளம் சுமார் 12 மைல், அகலம் 5 மைல். அதன் தென்முனையில் ஸீ பைன்ஸ் என்ற குடியிருப்பு. காவல் வாயிலைக் கடந்து உள்ளே போனால் வீடுகள், கடற்கரை, படகுத்துறை, இவற்றுக்கு நடுவே கோல்ஃப் மைதானங்கள். அவற்றுள் பேர்பெற்றது ஹார்பர் டவுன். உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் இப்போது ஆண்டுதோறும் ஏப்ரலில் ஹெரிட்டேஜ் என்ற போட்டிக்காக வந்து ஆடும் களம் அது. அந்த மைதானத்தில் ஒரு முழுச் சுற்று போய் வருவோம். ஆட்டத்தையும் பார்ப்போம், ஆட்டம் நடக்கும் மண்ணையும் பார்ப்போம்.

கோல்ஃப் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சொல். ஒரு சுற்று என்றால் 18 குழிகள். ஒவ்வொன்றுக்கும் டீ என்ற மேடையிலிருந்து முதல் அடி. பிறகு ஃபேர்வே எனப்படும் வெட்டிய புல்பாதை. முடிவில் கிரீன் என்ற வழவழப்பான புல்தரை, அதில் ஒரு சிறு குழி. குறைந்த அடிகளில் பந்தை எல்லாக் குழிகளிலும் சேர்த்தவர் வென்றவர். ஹார்பர் டவுனில் தேர்ந்த ஆட்டக்காரருக்கு விதித்த கணக்கு 71 அடிகள். பொதுவாக நடுவர் கூடவே வருவதில்லை. தன் அடிகளைத் தானே நேர்மையாக எண்ண வேண்டும். இந்த ஆட்டத்தின் தலையாய விதி இதுதான்: பந்து எங்கே, எப்படிக் கிடக்கிறதோ, அங்கே அப்படியே அதை அடிக்க வேண்டும். வசதிக்காக நகர்த்தி வைத்துக்கொள்ளக் கூடாது.

குடியிருப்புக்குள் கோல்ஃப் மைதானம் எப்படி வந்தது? காரணம் மனை வியாபாரம். கடலைப் பார்த்த மனைக்கு நல்ல விலை கிடைக்கும். ஆனால் கரை ஓரளவுதானே உண்டு? தீவின் உட்பகுதியில் ஒரு கோல்ஃப் மைதானம் போட்டால், அதன் புல்பாதைகளின் இருபுறமும் புதிதாகப் ‘பார்வை மனைகள்’ பிறக்கின்றன. 1957-இல் ஸீ பைன்ஸைத் தொடங்கிய சார்லஸ் ஃப்ரேசர் இந்தக் கணக்கை நன்றாக அறிந்தவர். ஆனால் அவர் வெறும் மனை வியாபாரி அல்லர். யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். மனைப் பத்திரங்களிலேயே நிபந்தனைகளை எழுதிவைத்தார். அனுமதியின்றி மரம் வெட்டக் கூடாது. வீட்டின் நிறம் மண்ணோடும் மரத்தோடும் ஒத்துப்போக வேண்டும். அதனால்தான் இன்றும் அங்கே வீடுகள் கண்ணை உறுத்துவதில்லை. மரங்கள் முன்னால் நிற்கின்றன, வீடுகள் பின்னால் ஒதுங்கியிருக்கின்றன.

ஹார்பர் டவுன் மைதானம் 1969-இல் திறந்தது. அமைத்தவர் பீட் டை. அப்போது ஆட்டக்காரராகக் கொடிகட்டிப் பறந்த ஜாக் நிக்லஸ் உடனிருந்து யோசனை சொன்னார். அந்த ஆண்டு நடந்த முதல் ஹெரிட்டேஜ் போட்டியில் ஆர்னால்ட் பால்மர் வென்றார். பெரிய மேடு பள்ளங்களும் பரந்த கிரீன்களும் மோஸ்தராக இருந்த காலத்தில் டை வேறு வழியில் போனார். நிலத்தைத் தட்டையாகவே விட்டார். பாதைகளைக் குறுக்கினார். கிரீன்களைச் சராசரியாக 4,000 சதுர அடிக்கும் குறைவாகச் சுருக்கினார். ஓக் மரக் கிளைகள் பாதையின்மேல் நீண்டு வர, அவற்றிலிருந்து நரைத்த தாடிபோல் ஸ்பானிஷ் பாசி தொங்குகிறது. புல்பாதையின் நடுவிலேயே பந்து விழுந்தாலும், தவறான பக்கம் நின்றுவிட்டால் கிளை வழிமறிக்கும். தோள்வலிமை இங்கே செல்லாது. எந்த இடத்திலிருந்து அடுத்த அடி அடிக்கலாம் என்று முன்கூட்டியே யோசிப்பவருக்குத்தான் இந்த மைதானம் இடம்கொடுக்கும்.

ஓரங்களில் வெள்ளைக் குச்சிகள் நட்டிருப்பார்கள். அவற்றைத் தாண்டினால் ஆட்டத்தின் எல்லை முடிந்தது. பல இடங்களில் அது ஒரு வீட்டுத் தோட்டத்தின் தொடக்கம். பந்து அங்கே போனால் ஓர் அடி தண்டம், அதோடு பழைய இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். ஆள் இருக்கும் பக்கம் பந்து பறந்தால் ‘ஃபோர்!’ என்று உரக்கக் கத்தி எச்சரிப்பது கடமை. குளங்களில் முதலைகளும் உண்டு. பந்தின் அருகே முதலை படுத்திருந்தால், தண்டமில்லாமல் வேறிடத்தில் பந்தை வைத்து ஆட விதி இடம்தருகிறது. மணற்குழியில் இறங்கி அடித்தவர், வெளியே வருமுன் தன் காலடித் தடங்களை வாரியால் இழுத்துச் சமன்செய்கிறார். புல்லைப் பெயர்த்தவர் அந்தப் பள்ளத்தை மூடுகிறார். பின்னால் வருபவருக்காகச் செய்யும் இந்தச் சிறு வேலைதான் கோல்ஃபில் எனக்கு மிகவும் பிடித்தது.

13-ஆவது குழியின் கிரீனின் முன்புறத்தை வளைத்து மணல். மணலுக்குக் கரையாக சைப்ரஸ் மரப்பலகைகள். அது பீட் டையின் மனைவி ஆலிஸ் டையின் கைவண்ணம். கடைசிக் குழியில் மரங்கள் விலகி, இடப்பக்கம் கடற்கால் விரிகிறது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதே அங்கே ஆட்டம். கிரீனுக்குப் பின்னால் சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாகத் தீட்டிய கலங்கரை விளக்கம், 90 அடி உயரம், 1970-இல் முடிந்தது. அருகே படகுத்துறையில் ஒரு முதிய ஓக் மரம். அதை வெட்டாமல் துறையை அமைத்த ஃப்ரேசர், 2002-இல் இறந்தபின் அந்த மரத்தடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

சுற்று இங்கே முடிகிறது. ஆனால் இதே படகுத்துறைக்குப் பக்கத்தில், அடுக்குமாடி வீடுகளுக்கும் மைதானத்துக்கும் இடையே, இன்னொரு கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. பிராடக் பாயின்ட் என்று பெயர். அங்கே உறங்குபவர்கள் ‘கல்லா’ (Gullah) என்ற இனத்தவர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு இந்தத் தீவுகளின் பருத்தித் தோட்டங்களில் உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள். இறந்தவரை நீரின் அருகே அடக்கம் செய்வது அவர்கள் மரபு. உயிர் கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் என்பது நம்பிக்கை.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1861-இல் வடக்குப் படை இந்தத் தீவைப் பிடித்தது. மறு ஆண்டே, விடுதலை பெற்ற மக்கள் தங்களுக்கென மிட்செல்வில் என்ற ஊரை அமைத்தார்கள். பிள்ளைகள் கட்டாயம் பள்ளிக்குப் போக வேண்டும் என்று அங்கே சட்டம் செய்தார்கள். பிறகு தலைமுறை தலைமுறையாக உழுதும் மீன்பிடித்தும் தீவில் வாழ்ந்தார்கள். 1956-இல் பாலம் வந்தது, மனை விலை ஏறியது, வரியும் ஏறியது. உயிலில்லாமல் வாரிசுகள் அனைவருக்கும் பொதுவாக இறங்கிவந்த நிலத்தில், ஒருவருடைய பங்கை வாங்கியவர்கூட நீதிமன்றம் போய் முழு நிலத்தையும் விற்க வைக்க முடிந்தது. அப்படிப் பல குடும்பங்கள் மண்ணை இழந்தன. வேலிகள் எழுந்தபின், தாத்தா பாட்டியின் கல்லறைக்கு வந்தவர்கள் காவல் வாயிலில் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. வாரிசு நிலத்துக்குப் பாதுகாப்புத் தரும் சட்டத்தைத் தென் கரோலினா 2016-இல்தான் இயற்றியது.

பந்து கிடந்தபடியே ஆட வேண்டும் என்று சொல்லும் ஆட்டம், நிலத்தையும் அது இருந்தபடியே ஏற்க நமக்குக் கற்றுத்தர வேண்டும். ஹார்பர் டவுனின் அழகு உண்மையானது. அதை உருவாக்கிய உழைப்பும் பாராட்டத்தக்கது. அங்கே ஆடப் போகிறவர்கள் கொஞ்ச நேரம் ஒதுக்கி, பிராடக் பாயின்டில் நின்றுவிட்டு, மிட்செல்வில் இருந்த இடத்தில் உள்ள பூங்காவையும் பார்த்து வர வேண்டும்.

புதுக் குடியிருப்புகள் கட்டுகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மனைகளின் வரைபடம் போடுமுன், அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்களின் பாதைகளையும் கல்லறைகளையும் அதில் குறியுங்கள். அந்தப் பாதைக்கு யாரும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். ஒரு மரத்துக்காக விதி எழுத முடிந்த இடத்தில், மனிதருக்காகவும் எழுத முடியும்.