ஹென்லி தெரு வீட்டைக் காத்தவர்கள்

இங்கிலாந்தில், ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரின் ஹென்லி தெருவில், ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு என்று உலகம் கொண்டாடும் மரச்சட்ட வீடு இன்றும் நிற்கிறது. கவிஞரின் புகழ்தான் அதைக் காப்பாற்றியது என்பது பலரின் எண்ணம். அப்படியானால், அதே ஊரில் அவர் 1597இல் வாங்கிய 'நியூ பிளேஸ்' மாளிகை எங்கே? அவர் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த வீடு அது. கைமாறிப் போனபின், 1702இல் ஒரு செல்வர் அதை மாற்றிக் கட்டினார். பின்னால் வாங்கிய பாதிரியார் கேஸ்ட்ரெல், கவிஞர் நட்டதாகச் சொல்லப்பட்ட மல்பெரி மரத்தைப் பார்க்க வருவோரின் தொல்லை பொறுக்காமல் முதலில் மரத்தை வெட்டினார். 1759இல் வீட்டையும் இடித்துத் தள்ளினார். புகழே அங்கு வினையாக முடிந்தது.

பிறந்த வீட்டின் கதை வேறு. தங்கை ஜோன், ஆண்டுக்கு 12 பென்ஸ் வாடகையில் ஆயுள்வரை அங்கே குடியிருக்கலாம் என்று ஷேக்ஸ்பியர் உயில் எழுதினார். 1670இல் பேத்தி எலிசபெத்தோடு அவருடைய நேர்வாரிசு அற்றுப்போனதும், வீடு ஜோனின் வழியினருக்கே வந்தது. 1806 வரை அவர்கள் விடவில்லை. ஒரு பகுதி விடுதியாக வாடகை ஈட்டியது. மற்றொன்றில் பிற்காலத்தில் இறைச்சிக்கடை நடந்தது. இடித்துக் கட்டும் அளவுக்கு வசதியுள்ள குடும்பமல்ல. அதற்கு அவசியமும் இல்லை. ஓக் சட்டங்களை மரமுளை அடித்துப் பிணைத்து, இடையில் கழிகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பிய சுவர் அது. உளுத்த சட்டத்தை மட்டும் மாற்றலாம்; உதிர்ந்த இடத்தில் மட்டும் பூசலாம்.

1847இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி, 3,000 பவுண்டு கொடுத்து ஏலத்தில் எடுத்தவர்கள்தானே வீட்டைக் காத்தார்கள் என்று கேட்கலாம். அவர்கள் பங்கு பெரியதுதான். ஆனால் ஏலத்துக்கு வர வீடு என்று ஒன்று மிஞ்சியிருக்க வேண்டுமே! இன்னொரு ஆட்சேபமும் உண்டு. 1857 முதல், தீ பரவாதிருக்கப் பக்கத்து வீடுகளை இடித்து, 1769ஆம் ஆண்டுச் சித்திரம் ஒன்றைப் பார்த்து முகப்பைச் சீரமைத்தார்கள். அப்புறம் அது பழைய வீடாகுமா? முகப்பில் 19ஆம் நூற்றாண்டின் கைவேலை கணிசமாகக் கலந்திருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மரச்சட்ட வீட்டுக்குச் சட்டம் மாற்றுவது புதிதல்ல. அப்படித்தான் அது தலைமுறை தலைமுறையாக நின்றது. ஆகவே, அந்த வீட்டின் வரலாற்றை எழுதுவோர் கவிஞருக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது ஜோனுக்கும் அவள் வழியினருக்கும் கொடுப்பதே நியாயம்.